பரிமாற்றம் முடிந்தது

"நூறு சதவீதம். பரிமாற்றம் முடிந்தது" என்று புதிய போன் சொன்னதை ரைமோ ஹியெட்டலா அப்படியே நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? வாழ்நாள் முழுக்கக் காகித மில்லில் பம்புகளோடு மல்லுக்கட்டியவர். அங்கே பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சமையலறை மேசையில் இரண்டு போன்களும் அருகருகே கிடந்தன. ஓரம் தேய்ந்தது மில்லுடையது. பளபளப்பானது அவர் வாங்கியது. அறுபத்து நான்கு வயதில் அவருடைய முதல் சொந்தக் கைப்பேசி அதுதான்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பின்லாந்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். வேலையில் ஒரு போன் கொடுக்கிறார்கள், பில்லையும் அவர்களே கட்டுகிறார்கள், அப்புறம் எதற்குச் சட்டைப்பையில் இரண்டைச் சுமப்பது? வங்கி, பல் டாக்டர், பெற்ற பிள்ளை எல்லாம் அந்த ஒன்றுக்குள்தான். ஓய்வு பெற்றால் போனும் நம்பரும் மில்லுக்கே போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓய்வு என்பது மற்றவர்களுக்கு வருகிற சமாசாரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நினைப்பு.

ரைமோவுக்கும் அது வந்தே விட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ரைமோ புதன்கிழமை காலையிலேயே அழித்து, உறையில் போட்டு, வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்தவன் பொருளை ஒரு நாள்கூடக் கூடுதலாக வைத்துக்கொள்ளப் பிடிக்காத மனிதர்.

அன்று சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து புதிய போனைத் திறந்து பார்த்தார். படங்கள் வந்திருந்தன. ஒழுகும் வால்வு, விரிசல் விட்ட குழாய், மறுபடியும் ஒழுகும் வால்வு. பாட்டுகள் வந்திருந்தன. குறுஞ்செய்திகளில் மட்டும் ஒன்றுகூட இல்லை. பெயர்களும் நம்பர்களும் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. மேலும் கீழும் தடவிப் பார்த்தார். ஹென்ரீக்கா இல்லை.

ஹென்ரீக்கா அவருடைய ஒரே மகள். நார்வேயில் த்ரோம்சோவில் இருக்கிறாள். அம்மா தூலா போய் ஏழு வருஷம் ஆகிறது. அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்தபோது, அம்மாவைப் பற்றி நீங்களும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மகள் கேட்டாள். ரைமோ எழுந்தார். எழுந்து, கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ரேடியேட்டரைச் சரிசெய்யக் கீழே கொதிகலன் அறைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை வராது. ரேடியேட்டரோட ஒரு மணி நேரம் பேச வருது, இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள்தான், பிறகு ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

ஆனாலும் நவம்பரில் தந்தையர் தினத்தன்று ஒரு செய்தி மட்டும் அனுப்புவாள். வாழ்த்து ஒரு வரி, வானிலை ஒரு வரி. ரைமோ உடனே ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்புவார். அவ்வளவுதான் அப்பா மகள் பேச்சு. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் அவர் ஒரு வருஷத்தை ஓட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்ப்பார், யாராவது வந்தால் பம்ப் படத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். இந்த வருஷத்துச் செய்தி வர இன்னும் பதினொரு நாள்தான். அது போய்ச் சேரப்போகும் நம்பர் இனி அவருடையது இல்லை.

போன் கடையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "மில் தன் போன்ல போட்ட பூட்டுக்குள்ள இருந்த நம்பர், மெசேஜெல்லாம் வெளிய வராதுங்க. அதை விட்டுட்டுத்தான் நூறு சதவீதம்னு காட்டும். பழைய போன் கையில இருக்கா?"

"குடுத்துட்டேன்."

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

அவள் திரைக்கு ஒட்டுகிற கண்ணாடித் தாள் வேண்டுமா என்று கேட்டாள். நார்வேயின் தொலைபேசி விசாரணை எண்ணிலும் கேட்டுப் பார்த்தார். ஹென்ரீக்கா தன் நம்பரை வெளியே தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாளாம்.

கட்டடத்து நீராவிக் குளியல் அறையான சவுனாவில் அவரோடு ஒரே நேரத்துக்கு வருகிறவர் கீழ்வீட்டு ஓஸ்மோ. உடம்பில் துணி இல்லாத இடத்தில் மனிதனுக்கு வாய் கொஞ்சம் திறக்கும். ரைமோ விஷயத்தைச் சொன்னார்.

"அழிச்சது மில்லா, நீயா?"

"நான்தான்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்தாங்களேய்யா."

"புதன்கிழமை சும்மாதானே இருந்தேன்."

"சும்மா இருக்கிறதே சுகம்னு சொன்னவன் உன்னைப் பார்த்ததில்ல போல." ஓஸ்மோ முதுகைச் சொறிந்துகொண்டார். "பழைய நம்பருக்கே அடி. உன் இடத்துக்கு வந்திருக்கிற ஆள்தானே எடுக்கும்."

"எடுத்தா என்ன சொல்றது?"

"பொண்ணு மெசேஜ் அனுப்புவா, வந்தா நம்பரைக் குடுங்கன்னு சொல்றது. வாயில என்ன கொழுக்கட்டையா?"

ரைமோ சூடான கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினார். ஆவி சீறி எழுந்து பேச்சை அங்கேயே முடித்து வைத்தது. அடுத்தவரைத் தொந்தரவு செய்வது அவர் வளர்ந்த வீட்டில் திருட்டுக்கு அடுத்தபடி. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தந்தையர் தினத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் மனசு வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் தன் பழைய நம்பர். அதை அழுத்தினார்.

"பராமரிப்புப் பிரிவு, சைலா பேசறேன்."

"நான் ரைமோ."

"எந்த ரைமோ?"

"இந்த நம்பர்ல முன்னாடி இருந்த ரைமோ."

"அட, நீங்களா. நானே உங்களைத் தேடலாம்னு இருந்தேன். நாலாம் பம்ப் ஏன் இப்படி ஊளையிடுது?"

ரைமோவின் நாக்கு அவிழ்ந்துகொண்டது. நாலாம் பம்பின் சுபாவம், அதன் கோபதாபம், குளிர் காலத்தில் அதை எப்படித் தாஜா செய்வது என்று கால் மணி நேரம் மடை திறந்தாற்போல் பேசினார். சைலா நன்றி சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றுவிட்டு மறுபடி அழுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை அந்த போனுக்கு ஒரு மெசேஜ் வரும். வரலாம்."

"யார்கிட்டேருந்து?"

"பொண்ணு."

"ஐயோ, நான் ரெண்டு போன் வச்சிருக்கிற ஆளாச்சே. இதை இன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ் டிராயர்ல பூட்டிட்டுப் போனா, திங்கக்கிழமைதான் எடுப்பேன். அவசரமா?"

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் ரைமோ. பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை, தந்தையர் தினம் என்று தெருவெல்லாம் கொடி ஏற்றியிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் பிள்ளைகள் கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார்கள். ரைமோ ஒரு ஆளுக்குக் காபி போட்டார், ஏலக்காய் பன்னை வெட்டி வைத்தார். புதிய போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஒரே ஒரு தடவை ஒலித்தது. பதறி எடுத்தார். தன்னை முழுதாக அமைத்துக்கொள்ள இன்னும் இரண்டு படிகள் பாக்கி இருப்பதாக அது அவருக்கு நினைவூட்டியது.

இருட்டத் தொடங்கியபோது குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு மில்வரை நடந்தார். அங்கே போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துதான் நடந்தார். கதவைத் திறக்கும் அட்டையையும் போனோடு சேர்த்துக் கொடுத்தாகிவிட்டது. வேலிக்கு வெளியே நின்றால் அவருடைய பழைய அறையின் ஜன்னல் தெரியும். விளக்கு இல்லை. அந்த மேசையின் டிராயருக்குள் மகளின் இரண்டு வரி கிடக்கிறது, யாரும் கட்டைவிரல் அனுப்பவில்லை. தூலா இறந்த அன்றுகூட இவ்வளவு தனியாக இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. காவலர் கூண்டிலிருந்து கையசைத்து, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார். சும்மா காலாற நடந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

திங்கட்கிழமை காலையில் சைலா கூப்பிட்டாள்.

"உங்களுக்கு மெசேஜ் இருக்கு. ஒண்ணு இல்ல, மூணு. படிக்கட்டுமா? படிக்கிறதுக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"படிம்மா."

"காலையில வந்தது: தந்தையர் தின வாழ்த்துகள் அப்பா. இங்கே பனி விழ ஆரம்பிச்சாச்சு." சைலா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சாயங்காலம் வந்தது: கட்டைவிரல் வரலையே? அப்புறம் ராத்திரி ஒண்ணு: அப்பா, நல்லா இருக்கீங்களா? அங்க வேற யாரோட நம்பரும் என்கிட்ட இல்ல. யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல."

ரைமோ செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் எதுக்கும் பதில் போடல. அது நீங்க போட வேண்டியது" என்றாள் சைலா. பிறகு நம்பரைச் சொன்னாள். பேப்பர் தேடி அலையாமல், செய்தித்தாளின் ஓரத்திலேயே அவர் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டார்.

செய்தி அனுப்பத்தான் முதலில் உட்கார்ந்தார். காலித் திரையைப் பார்த்ததும் ஒரு எழுத்தும் வரவில்லை. கட்டைவிரலை அனுப்பினால் யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புது நம்பர் ஆயிற்றே. வேறு வழியில்லாமல் அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். யார் என்று நார்வேக்காரர்கள் பாஷையில் கேட்டாள்.

"அப்பா பேசறேன்."



"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. போன் மாத்தினேன். பழையது மில்லோடது, நம்பரும் அவங்களோடது, திருப்பிக் குடுத்தாச்சு. படமெல்லாம் வந்துச்சு, மெசேஜ் வரல. நூறு சதவீதம்னுதான் காட்டுச்சு, நானும் நம்பி அழிச்சுட்டேன்." பம்பைப் பற்றிப் பேசுவதுபோல் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்.

"ராத்திரி பூரா நான் தூங்கல."

"கூப்பிட்டிருப்பேம்மா. உன் நம்பர் என்கிட்ட இல்ல."

"ஏழு வருஷமா இருந்துச்சேப்பா" என்றாள் ஹென்ரீக்கா.

ரைமோ போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி சமையலறை மேசையோரம் உட்கார்ந்திருந்தார். அவள் அழுவது கேட்டது. இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை.