சகலையைவிட ஐந்து இஞ்ச் கூடுதல்

சகலை என்ற உறவை ஏற்படுத்தியவனுக்கு நிச்சயமாகச் சகலை என்று ஒருவன் இருந்திருக்க மாட்டான். அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொண்டு மறுநாள் சேர்ந்துவிடலாம். மச்சான் என்றால் கேலி பேசியே காலத்தை ஓட்டிவிடலாம். சகலையிடம் இரண்டும் நடக்காது. ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மாமனார் யாரைப் பார்த்து அதிகம் சிரிக்கிறார் என்று ஓரக்கண்ணால் கவனிக்க வேண்டியதுதான். மாஸ்டர் இந்த வேலையைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்துவருகிறார்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் மாஸ்டர் இருப்பார், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியவர் அவர். சகலைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வயதில் சின்னவர். தலைமுடி அப்படியே இருக்கிறது, குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. மாஸ்டரின் மனைவி தன் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி வாய் நிறையப் பேசுவாள். இதையெல்லாம் மாஸ்டர் மென்று விழுங்கிக்கொண்டார். சகலை வீட்டுக்குப் பெரிய மானிட்டர் வந்ததைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

காரணம் மானிட்டர் இல்லை, மகள். எட்டாவது படிக்கும் அவளுக்கு வீட்டில் பெயர் வாலு. சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் வாலுவும் கம்ப்யூட்டர் முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்து கார் பந்தயம் விளையாடுவார்கள். திரை நடுவில் பிரிந்து நிற்கும். இடது பாதியில் வாலுவின் கார், வலது பாதியில் அப்பாவின் கார். வாரம் முழுக்க கியர் மாற்றத் தெரியாதவர்களோடு மாரடித்துவிட்டு வரும் மாஸ்டருக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் சொந்தம். பத்தொன்பது இஞ்ச் திரையில் இரண்டு கார் ஓடினால் எதுவும் சரியாகத் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனாலும் அவருக்கு அதில் குறை தெரிந்ததில்லை.

சகலை மானிட்டர் வாங்கியதும் வாலு சனிக்கிழமையானால் சித்தி வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தாள். நாலு தெரு தள்ளித்தான் வீடு. முதல் வாரம், பார்த்துவிட்டு வரட்டும் என்றிருந்தார் மாஸ்டர். அடுத்த வாரம், புதுசு அல்லவா என்றிருந்தார். அதற்கடுத்த வாரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம், "நம்ம கேம் என்ன ஆச்சு?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அடுத்த வாரம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. சகலைக்கென்று ஒரு பிள்ளை இல்லை, அதனால் என் பிள்ளையை மானிட்டரைக் காட்டி இழுக்கிறான் என்று நினைத்தார். நினைத்த மறுநிமிடமே, எவ்வளவு கேவலமாக நினைக்கிறோம் என்று உறைத்தது. உறைத்தும் எரிச்சல் அடங்கவில்லை.

மனைவி தங்கையிடமிருந்து வாங்கிவந்த மிக்ஸி ஜாரைத் திருப்பிக் கொடுக்கவேண்டி இருந்தது. "நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்" என்றார் மாஸ்டர். தண்ணீர்க் குடத்தைக்கூட நகர்த்தாத மனிதர் தானாக முன்வந்ததைப் பார்த்து மனைவி ஒரு கணம் அசந்துபோனாள்.

சகலை வீட்டு முன்னறையிலேயே மானிட்டர் இருந்தது. கொழுந்தியாள் ஜாரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், சகலை காபி போடப் போனார். ஆமாம், அந்த வீட்டில் காபி போடுவதும் அவர்தான். அந்த இடைவெளியில் மாஸ்டர் மூலைக்கு மூலை சாண் வைத்து அளந்தார். மூன்று சாண் போட்டுவிட்டுக் கையை எடுக்கும்போது சட்டத்தில் ஏதோ விரலில் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தார். மேல் சட்டத்தில் சரியாக நடுவில் டேப் ஒட்டிப் பிய்த்த தடம். கீழ்ச் சட்டத்திலும் அதே இடத்தில் அதே தடம்.

கீழே போட்டு உடைத்திருக்கிறான், டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான். மாஸ்டரின் நெஞ்சு குளிர்ந்துபோனது.

"என்னண்ணா, மானிட்டர் பாக்கறீங்களா?" என்று தம்ளரோடு வந்தார் சகலை.

"சேச்சே. தூசியா இருந்துச்சு, தொடச்சேன்."

"இருபத்தேழு இஞ்சுண்ணா. நம்ம வாலு வந்தாதான் இதுக்கு வேலையே. மத்த நாளெல்லாம் தூசிதான்."

டேப் எதற்கு என்று அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்டால் தனக்கு அதில் அக்கறை இருப்பதாக ஆகிவிடும் என்று மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். 'நம்ம வாலு' என்ற வார்த்தை வேறு தொண்டையில் நின்றது. காபி நன்றாக இருந்தது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "பெரிய மானிட்டர் வாங்கணும்" என்றார்.

மனைவி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுக் கேட்டு, பகல் பூராவும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறவள். எத்தனையோ முறை கேட்டும் நடக்காதது இப்படித் தானாக நடக்கிறதே என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவார் என்று தெரியும்.

கடையில் வரிசையாக மானிட்டர்கள் எரிந்துகொண்டிருந்தன. விற்பனைப் பெண் பொறுமைசாலி.

"எதுக்கு சார், கேமுக்கா, வீட்டு வேலைக்கா?"

"ரெண்டுக்கும்தான். இருபத்தேழுக்கு மேல என்ன இருக்கு?"

"மேசை எவ்வளவு அகலம் சார்? முகத்துக்கும் திரைக்கும் ஒரு கை நீளமாவது வேணும். கிட்ட உக்காந்தா இருபத்தேழே போதும். அதுக்கு மேல போனா கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கணும்."

"கழுத்தத் திருப்பறது என் தொழில்மா. இருபத்தேழுக்கு மேல காட்டுங்க."

அவள் முப்பத்திரண்டு இஞ்ச் ஒன்றைக் காட்டினாள். படம் எவ்வளவு வேகமாக மாறும், கார் ஓடும்போது எப்படி இழுபடாமல் தெரியும் என்றெல்லாம் சொன்னாள். மாஸ்டருக்கு எல்லாமே பிடித்துவிட்டது. மனைவி குறுக்கே வந்து, அதில் வெறும் எழுத்தைக் காட்டச் சொன்னாள். எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு தட்டியது.

"இதுல நான் நாள் பூரா டைப் அடிச்சா கண்ணு அவிஞ்சுடும்" என்றாள்.

"திரை பெருசு மேடம், புள்ளிகளோட எண்ணிக்கை சின்னதுல இருக்கற அதேதான். அதான் பிசிறடிக்குது. புள்ளி அதிகமா இருக்கறது வேணும்னா இதைப் பாருங்க. கொஞ்சம் கூடப் போகும்."

இரண்டாவது காட்டியதில் எழுத்து அச்சடித்தது மாதிரி இருந்தது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படியான ஸ்டாண்டும் இருந்தது. மனைவி அதன் முன்னால் கையை நீட்டித் தூரம் பார்த்து, மேசையைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டால் சரியாக வரும் என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது இருபத்தேழைவிட அஞ்சு இஞ்ச் பெருசுதானே?" அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் மாஸ்டர் முதலில் அட்டைப்பெட்டியை மடக்காமல் அலமாரி மேல் ஏற்றினார். வாரண்டி முடியும்வரை பெட்டியில் ஒரு கீறல் விழக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த வீட்டு அலமாரி மேல் ஃபேன், இஸ்திரிப்பெட்டி, எப்போதோ செத்துப்போன ரேடியோ எல்லாவற்றின் பெட்டிகளும் கீறல் இல்லாமல் இருந்தன.

வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "சித்தப்பா வீட்ல இருக்கறதவிடப் பெருசுப்பா" என்றாள். மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை வந்தது. வாலு இடது பக்கம், அப்பா வலது பக்கம். இப்போது ஒரு பாதியே பழைய மானிட்டரைவிடப் பெரிதாக இருந்தது. சாலையோரத்து மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. வாலுவின் பாதியும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"வளைவு வருது பார். வேகத்தக் கொற."

குறைத்தாள்.

"கண்ணாடியப் பாத்தியா? பின்னால ஒருத்தன் வரான். வலது பக்கம் ஒதுங்காத. பிரேக். பிரேக்கு பாப்பா."

மாஸ்டரின் கால் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்தது. அதில் மேசை ஆடியது, புது மானிட்டர் ஆடியது, வாலுவின் கார் ஒழுங்காக வளைவைத் தாண்டியது. மாஸ்டரின் கார் எப்போதோ பள்ளத்தில் விழுந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டு சுற்று முடிந்ததும் வாலு கன்ட்ரோலரை மெல்லக் கீழே வைத்தாள். "சூப்பரா இருக்குப்பா மானிட்டர்" என்றாள். பிறகு, "சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "அங்க அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கு?" என்று வாய்வரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினார். அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, இந்த மானிட்டர் யாருக்காக வந்தது என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப மாஸ்டருக்கு அது போதும்.

சகலை வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மாஸ்டர் குடையை மடக்கியபடி எட்டிப் பார்த்தார். திரையின் நடுவில், மேலிருந்து கீழ்வரை, ஓர் அட்டை நெட்டுக்குத்தலாக நின்றது. சட்டத்தில் டேப் போட்டு ஒட்டி, இருவர் முகத்துக்கும் நடுவே மறைப்பாக நீண்டிருந்தது. இந்தப் பக்கம் சகலை நாக்கைக் கடித்துக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வாலுவின் பின்னல் மட்டும் தெரிந்தது. அவள் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தாள், பிறகு சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மாஸ்டர் யோசித்தார்.

சகலை அவரைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "என்ன அட்டை அது?"

"அவதாண்ணா வெக்கச் சொன்னா. வந்த மொத நாளே. கடையிலேர்ந்து ஒரு அட்டை கொண்டுவந்தேன்."

"அவ அங்க என்ன பண்ணிட்டிருக்கா?"

"யாருக்குத் தெரியும்? பந்தயத்துல இல்ல. பாதியிலயே ரோட்ட விட்டு எறங்கி எங்கயோ போயிடறா. நான் தனியாத்தான் சுத்தி சுத்தி வரேன், ஒவ்வொரு வாட்டியும் நான்தான் ஜெயிக்கிறேன். எங்க போறேன்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டா."

சகலை இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். தெரியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாள் எரிந்த எரிச்சலை இந்த மனிதன் மேல் கொட்ட இடமே இல்லாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஓர் அட்டை. அட்டையைப் பார்த்துப் பொறாமைப்படுவது அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் பட்டார்.

திரும்பும்போது ஒரே குடைக்குள் இருவரும் நடந்தார்கள்.

"ரோட்ட விட்டு எறங்கிப் போறியாமே" என்றார் மாஸ்டர்.

வாலு தண்ணீரைத் தாண்டிக் காலை வைத்தாள். "நீங்க பாத்துட்டிருந்தா ரோட்டுலயேதான் ஓட்டணும்னு தோணுதுப்பா."

"நான் என்ன, திட்டினேனா?"

"திட்டல. பிரேக்கு போடறீங்க."

தெருமுனை திரும்பிய பிறகு, "நம்ம வீட்லயே ஒரு அட்டை வெச்சிருக்கலாமே?" என்றார்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அவருடைய இடது தோள் முழுக்க நனைந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து மானிட்டர் பெட்டியை இறக்கினார். கத்தியை எடுத்து அதன் பக்கவாட்டை நீளமாக அறுத்தார். அறுக்கும் சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க, வாரண்டி?"

"போனாப் போவுது."

அட்டையை மடித்து, திரையின் நடுக்கோட்டில் வைத்து, மேலும் கீழும் டேப் ஒட்டினார். வாலு வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். மாஸ்டர் வலது பக்கம் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கித் தொடைக்கடியில் மடக்கிப் போட்டு, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்தார்.

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவுவரை இரண்டு எஞ்சின்களின் உறுமலும் சேர்ந்தே வந்தன. பிறகு ஒன்று தனியாகப் பிரிந்து, கரடுமுரடாகக் குலுங்கி, தூரமாகப் போனது. வேலியோ என்னவோ ஒடியும் சத்தம். அப்புறம் அந்தப் பக்கமிருந்து அலைச் சத்தம் வந்தது.

இந்தப் பந்தயத்தை எத்தனையோ சனிக்கிழமை ஓட்டியிருக்கிறார். அதில் கடல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கழுத்து தானாக இடது பக்கம் நீண்டது. அட்டையின் ஓரத்தைத் தொடுமளவுக்குப் போய்விட்டு, வலிப்பதுபோலத் திரும்பி வந்தது. அதற்குள் அவருடைய கார் நேராக ஒரு மரத்தில் போய் மோதியது.

"என்னப்பா சத்தம்? எதுல மோதுனீங்க?" என்றாள் வாலு, அட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மாஸ்டர் மூச்சை இழுத்து விட்டார். "அதை நீ ஏன் கேக்கற? அட்டை ரெண்டு பேருக்கும்தான்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அலை மறுபடி வந்து உடைந்தது. மாஸ்டர் மடக்கிய காலை இன்னும் இறுக்கிக்கொண்டு, காரைப் பின்னால் எடுத்தார்.