கடைசி மூட்டை

முதுகில் ஐம்பது கிலோ உப்பு மூட்டையோடு சூசைமாணிக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இடது தொடை இடுக்கில் குடல் இருந்தது.

குடல் வெளியே வருவது புதிதில்லை. இரண்டு வருடமாக, அவன் மூட்டை தூக்கும்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு எட்டிப் பார்க்கும். இருமினால் இன்னும் கொஞ்சம் பார்க்கும். அவன் படுத்ததும் உள்ளே போய்விடும். அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். இன்று அது போகவில்லை. கல்லாகிவிட்டது. வலியில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மூட்டையை இறக்காமலே எடுத்தான்.

துண்டை அவிழ்க்க வழியில்லை. கடைசி மூட்டை இறங்கும்வரை உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் யாரும் இடுப்புத் துண்டை அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தவனை மறுநாள் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். இன்று கடைசி மூட்டை அவனுடையது. அதை ஏற்றுவதற்குள் லாரி போய்விட்டது; வேறெங்கும் இறக்க இடமில்லை.

கவுண்டரில் இருந்த அம்மா நிமிரவில்லை.

"எது வழியா வந்திருக்கு?"

"தொடை இடுக்கும்மா."

"அது நேரா. தொப்புள் வலப்பக்கம். பழைய ஆப்பரேஷன் தழும்பு மாடி. இரைப்பை நெஞ்சுக்கு ஏறுனவங்க அந்த பெஞ்சு, படுக்கக் கூடாது. மூட்டைக்கு அனுமதி இல்ல."

"எறக்க எடம் சொல்லுங்க."

"லாரி நம்பர் வேணும்."

அவன் நேராக நடந்தான். இருமல் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் நடைபாதை நாலடி நீண்டது. கோடியில் டாக்டர் கட்டைவிரல் அளவு தெரிந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் எண்கள் இல்லை. சிவப்பு, நீலம், கறுப்பு. முள் நீலத்தில் நின்றது.

"அது உம்ம குடலோட நெறம்," என்றாள் தொப்புள் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரகாசி. நாலு பிள்ளை பெற்றவள். சேலைக்குள் தொப்புள் கொய்யாப்பழம் போல் புடைத்திருந்தது. "இறுக்கிக் கட்டுனா ரத்தம் போவாது. கறுப்புக்கு வந்தா அந்தக் குடல் துண்ட வெட்டிதான் எடுப்பாவ. மூட்டைய எறக்கும், அண்ணாச்சி."

"லாரி போயிட்டு, தாயி."

"அப்போ நாங்கதான் லாரி."

அவள் எழுந்து மூட்டை வாயின் தையலைப் பிரித்து ஒரு கை உப்பு எடுத்தாள். "பாரம் தூக்காதன்னு எனக்குச் சொல்லிருக்காவ. இது பாரமில்ல."

வரிசையே எழுந்தது. மாடியிலிருந்து தழும்புக்காரர்கள் வயிற்றில் தலையணையை அழுத்தியபடி இறங்கி வந்தார்கள். பெஞ்சில் இருந்த கிழவர் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"நெஞ்சு எரியுது. திங்கமாட்டேன். சும்மா வச்சிருக்கேன்."

ஒவ்வொரு கைக்கும் நடைபாதை நாலடி குறைந்தது. கவுண்டர் அம்மா எல்லோருடைய டோக்கன் எண்ணையும் லாரி நம்பர் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டாள். கடைசிக் கை உப்பை அவளே எடுத்தாள். மூட்டை எப்படித் தீர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் இப்போது அவன் முன்னால் நின்றார். சூசைமாணிக்கம் துண்டை அவிழ்த்தான்.

"அமுக்கி உள்ள விட்ருங்க சார்."

"நெறம் மாறுனத அமுக்கக் கூடாதுய்யா. தெறந்துதான் பாக்கணும்."

திறந்தார்கள். குடல் நீலமாக இருந்தது. டாக்டர் அதன்மேல் வெந்நீர்த் துணியைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். துணி ஆற ஆற மாற்றினார். முள் பின்னோக்கி நகர்ந்து சிவப்பில் நின்றது. குடலை உள்ளே வைத்து, ஓட்டையைத் தைத்து மூடினார்.

"இருமுய்யா."

இருமினான். எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. நடைபாதையும் நீளவில்லை.

"மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது."

நாலாம் நாள் மெதுவாக வெளியே வந்தான். வரிசையில் எல்லோரும் வலது கையில் உப்பை மூடியபடி இருந்தார்கள். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க எறக்க, அண்ணாச்சி?" என்றாள் பிரகாசி.

சூசைமாணிக்கம் இடுப்புத் துண்டை உதறித் தரையில் விரித்தான்.