விபூதி பூசிய கேம் பெட்டி

சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஆளுயர மின்பலகைகளைத் திறந்து பழகிய கைதான். இருந்தும், மகனின் கேம் பெட்டியைக் கழற்றுமுன் ரத்னவேல் திருகாணிகளை இரண்டு முறை எண்ணினார்.

ரித்திக் இறந்து ஒரு வருஷமாகப் போகிறது. காலையில் அவன் படத்துக்கு விளக்கேற்றியதும் அவர் மனைவி சந்திரமதி அந்தப் பெட்டியைப் போடுவாள். டிவியில் அவன் பெயர் வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைப்பாள். நேற்று பெயர் வரவில்லை. ஒரு மினுக்கு, அப்புறம் ஒன்றுமில்லை.

“கடையில கொடுத்தா எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. நீங்களே பாருங்க,” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவர் சும்மா இருந்தார்.

“தொடுங்களேன்!”

“பிடுங்கினாலும் பவர் சப்ளைக்குள்ள கரண்டு நிக்கும்லா. அடங்கட்டும்.”

மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பவர் சப்ளையின் கறுப்பு உறையைத் திறந்தார். உள்ளே சாம்பல். மழைக்கால ஈரத்தில் பசைபோல் அப்பியிருந்தது. அதன் நடுவே கருகிய கோடு. தீய்ந்த வாடையோடு விபூதி வாசமும் வந்தது.

ரத்னவேலுக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூஜையன்று, “இதுவும் ஆயுதம்தான்மா,” என்று சிரித்தபடி ரித்திக் அந்தப் பெட்டிக்கு விபூதி பூசினான். அவன் போன பிறகு சந்திரமதி தினமும் பூசினாள். உதிர்ந்ததையெல்லாம் பெட்டியின் விசிறி உள்ளே இழுத்துக்கொண்டது.

“அவன் பேரு போயிருச்சாங்க?”

“இல்ல மதி. பேரு வேற போர்டுல இருக்கு. பவர் சப்ளைதான் போச்சு, வேற வாங்கி மாட்டிரலாம்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “இது... நான் பூசினதா?”

“சேச்சே, பழசு. ஆயுத பூஜைக்கு அவன் பூசினது.”

சந்திரமதி கை நீட்டினாள். உறையின் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“அவன் முன்பக்கம்தாங்க பூசினான். காத்து போற ஓட்டைப் பக்கம் கையே வைக்கல. ‘உள்ள விழுந்துரும்மா’ன்னு என்கிட்டயும் சொன்னான்.”

ரத்னவேல் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார்.

சனிக்கிழமை புதியதை மாட்டியதும் பெயர் வந்தது. சந்திரமதியின் விரல்கள் பழக்கத்தில் விபூதித் தட்டுக்குப் போயின. மூன்று விரலிலும் ஒட்டியதை என்ன செய்வதென்று தெரியாமல், கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.