பட்டறைக்காரன் வீட்டுக் குரல்

ஓய்வுநாளில் ஊருக்குள் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது எசேக்கியாவின் பொறுப்பு. மாசசூசெட்ஸின் அந்தச் சின்ன ஊரில் அவர் உயிரை வாங்கியது ஒரே வீடுதான். இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புப் பட்டறைக்காரன் கில்பர்ட், சம்மட்டிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் ரகசியம் பேசினாலும் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

அன்று பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது, கப்பலிலிருந்து இறங்கிய ஒருத்தி தேவாலய வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா! ஒரு வீடு விசாரிக்கணும்!"

கூரைப் புறாக்கள் பறந்தன. போதகருக்கு வசனம் மறந்துபோனது.

"கில்பர்ட் வீடுதானே?" என்றார் எசேக்கியா.

"என் தம்பிதான்! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்கம்மா. வழி தானாக் கேட்கும்."

"அடியே, ரொட்டி எங்கடி?" என்று கில்பர்ட்டின் குரல் காற்றில் மிதந்து வந்தது.

அவள் கண் கலங்கினாள். எசேக்கியா ஆசையாகக் கேட்டார்: "தம்பியை ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"இல்லீங்க! குடும்பமே இங்க வருது! ஊர்க்காரங்க மிரளக் கூடாதுன்னு, மெதுவாப் பேசுற என்னை முதல்ல அனுப்பினாங்க!"