விண்ணப்பத்தில் இல்லாத நான்காவது கேள்வி

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்திலிருந்து வந்தது. விண்ணப்பம் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கதைக்குள் நானே வந்து நிற்கும்போது நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

செகந்தராபாத் பக்கம் சனத்நகரில் எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீரை இரண்டு வருடத்துக்கு முன்பு அரசாங்க ஆட்கள் வந்து மூன்று பாட்டில்களில் பிடித்துப் போனார்கள். முடிவு என்ன என்று யாரும் சொல்லவில்லை. நான் வேதியியல் படித்தவள், வேலை மட்டும் சாஃப்ட்வேர் கம்பெனியில். தண்ணீரைப் பார்த்தால் சந்தேகம் வரும். ஆளைப் பார்த்தால் பேச்சு வராது. தகவல் உரிமைச் சட்டம் வந்தபோது எனக்கென்றே செய்தது போல இருந்தது. ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கேள்வி கேட்கலாம். மூன்று கேட்டேன். எப்போது எடுத்தீர்கள்? முடிவு என்ன? அதன் மேல் என்ன செய்தீர்கள்?

2007 ஜூன் பதினொன்றாம் தேதி அது அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும்.

(அலுவலகம் எது என்று சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அங்கே தெலுங்கிலும் உருதுவிலும் நடந்த பேச்சைத் தமிழாக்கிவிட்டேன். தமிழில் பேசிக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

*உறையைப் பிரித்தபோது ஜெயசுந்தரியின் கைகள் நடுங்*

நடுங்கவில்லை. அவரே சொன்னார். உறையைப் பிரிக்கவே இல்லையாம். நாலு நாள் டிராயரில் கிடந்ததாம்.

இரண்டாம் முயற்சியைக் கேக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெயசுந்தரிக்கு நாற்பத்தெட்டு வயது. சீனியர் அசிஸ்டென்ட். மாரெட்பள்ளியில் வீடு, மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத். (நேரில் அவர். கதை என்று எழுத உட்கார்ந்ததும் அவள் ஆகிவிட்டாள். மன்னிப்பார்.) 2005 கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கேக் செய்துகொண்டிருந்தாள். அந்த மூன்று நாளில் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. புதுச் சட்டப்படி யாராவது ஒருவரைத் தகவல் அலுவலராகப் போட வேண்டும். பதில் தாமதமானாலும் தப்பானாலும் அபராதம் அந்த ஒருவருக்குத்தான். ஒருவருக்கு இடுப்பு வலி இருந்தது. ஒருவருக்கு மகள் கல்யாணம் வந்தது. ஒருவர், தன் கையெழுத்து தனக்கே புரியாது என்றார். கூட்டத்துக்கு வராதவளுக்கு எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

லீவு முடிந்து டப்பா நிறையக் கேக்கோடு வந்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கைக்கு எல்லாரும் இப்படி சத்தமில்லாம சாப்பிடுறீங்க? முட்டை வாசனை வருதா?" (அவள் பேச்சில் செகந்தராபாத் உருது கலந்து வரும். கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.)

ரெக்கார்ட் ரூமில் இருக்கும் நடேசன்தான் பதில் சொன்னார். வேலூர்ப் பக்கத்துக்காரர். "கேக் ஜோரா கீது மேடம். வாசல்ல ஒரு போர்டு மாட்டிக்கீறாங்க. அதையும் பாத்துட்டு வந்து மொத்தமா கோச்சிக்கோங்க."

போர்டில் அவள் பெயர். பெயின்ட் இன்னும் காயவில்லை.

3

ஒன்றரை வருடம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிறகு நான் வந்தேன், மூன்று கேள்வியோடு.

ஐந்தாம் நாள் உறையைப் பிரித்தாள். தபால் பதிவேட்டைப் பார்த்தாள். தண்ணீர்ச் சோதனை முடிவு 2005 ஆகஸ்டில் வந்திருக்கிறது, ரெக்கார்ட் ரூமுக்குப் போயிருக்கிறது. நேராக நடேசனிடம் போனாள்.

நடேசன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"முப்பத்தாறு வருஷமா இந்த ரூம்ல ஒரு எலி எடம் மாறினாலும் எனக்குத் தெரியும் ஜெயாம்மா," என்றார். "போன வருஷம் மழை. மேல ஒழுவுது. எதைத் தூக்கறோம்னு பாக்காம கட்டு கட்டா தூக்கி வெச்சேன். ரெஜிஸ்டர்ல எழுதலை. நாளைக்கு எழுதலாம்னு."

"எங்க வெச்சீங்க அண்ணா?"

"அதான் சொல்றேனே. எழுதலை."

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி நடேசன் ஓய்வு பெறுகிறார். அவர் பொறுப்பில் ஒரு கட்டு காணாமல் போனது என்று காகிதத்தில் ஏறினால் விசாரணை வரும். விசாரணை முடியும்வரை முழு பென்ஷன் வராது. அது முடிய எத்தனை வருடம் ஆகும் என்று அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சூப்பரிண்டெண்ட் நல்ல மனிதர். சுலபமான வழி சொன்னார். "அப்படி ஒரு ஆவணமே இந்த அலுவலகத்தில் இல்லை என்று எழுதிவிடுங்கள் மேடம். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியப் போகிறது?"

ஜெயசுந்தரி அந்த வரியை எழுதினாள். இதை நான் முதல் பிரதியில் விட்டுவிட்டேன். அவளை நல்லவளாக்கிக்கொண்டே போகிறேன் என்று தெரிந்ததும் திரும்பச் சேர்த்தேன். எழுதினாள், தட்டச்சும் செய்தாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அதன் பிறகு அதைத் திருப்பவில்லை.

4

சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. தகவல் அலுவலர் இன்னொருவரிடம் உதவி கேட்கலாம். கேட்டால் அவர் உதவியே ஆக வேண்டும். ஆனால் உதவி கேட்கப்பட்டவரும் அந்த வேலைக்குத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். பொறுப்பும் அவரைச் சேரும்.

இதனால் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வாயால் கேட்டால் எல்லோரும் உதவினார்கள். இடுப்பு வலிக்காரர் ஏணி மேல் ஏறி அலமாரி உச்சியைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்காரர் மத்தியானம் முழுக்கத் தூசி தட்டினார். சூப்பரிண்டெண்ட் தன் அறையில் இருந்த மின்விசிறியைக் கழற்றி ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்பினார். காகிதத்தில் கேட்டால் மட்டும் அந்தக் காகிதம் சுட்டது.

இருபதாம் நாள் ஜெயசுந்தரி காகிதத்தில் கேட்டாள். இன்ன பிரிவின்படி உதவி கோரப்படுகிறது, கீழே ஐந்து பெயர். சீட்டு சுற்றிவிட்டு மாலையில் திரும்பி வந்தது. நாலு பேர் தங்கள் பெயருக்கு எதிரே 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அவளும் இருபது வருடமாக எத்தனையோ சுற்றறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். அதனால் கோபம் வரவில்லை. ஐந்தாவது பெயரைப் பார்த்ததும்தான் வந்தது. நடேசன் என்ற பெயருக்கு எதிரே, 'பெற்றுக்கொண்டேன், பொறுப்பேற்கிறேன்', கையெழுத்து, தேதி.

"யார் அண்ணா உங்களப் போடச் சொன்னது? நாலு பேரு எழுதின மாதிரி எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சீட்டு எனக்கும்தானே வந்திச்சு."

"வரிசைல பேரு வரணும்னு போட்டேன். உங்களுக்காகவா போட்டேன்?"

"நீ யாருக்காகப் போட்டா இன்னா? தூக்கி வெச்சது நான். உன் பேரு போர்டுல காயறதுக்கு முன்னாடி மூஞ்சியைக் கூடப் பாக்காம கேக் தின்னவனுங்க இவனுங்க. நானும்தான் தின்னேன்."

"நக்கோ அண்ணா. இதெல்லாம் பேசாதீங்க. எனக்கு அழுகை வந்துடும்."

"அழு. அழுதுட்டு அந்த மூணாவது அலமாரியப் பாரு. நான் கீழ பாக்கறேன்."

5

முப்பதாம் நாள் காலையில் என் கைபேசி அடித்தது. தமிழ்க் குரல்.

"சுபாஸ்ரீயா மா? உன் விண்ணப்பம் என்கிட்டதான் இருக்கு. நேர்ல வந்து பாக்கற உரிமை உனக்கு உண்டு. வர்றியா?"

"ம்" என்றேன். லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

ரெக்கார்ட் ரூமில் நடேசன் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து டீ கொடுத்தார். ஜெயசுந்தரி நடந்ததையெல்லாம் சொன்னாள். மேலே நீங்கள் படித்தது அதுதான். பிறகு மூன்று பேரும் தேடினோம். ஈரம் பட்ட கட்டுகளில் மை பரவிக் கறை விளிம்பு கட்டியிருக்கும், அதைப் பார்த்துத் தேடலாம் என்று நான் சொன்னேன். அன்று நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது. கறை பட்ட கட்டுகள் இருபத்தாறு இருந்தன. எங்கள் தெரு அவற்றில் இல்லை.

மணி நாலு. ஜெயசுந்தரி வெள்ளைத் தாளை எடுத்தாள். நடேசன் மேசை ஓரம் வந்து நின்றார்.

"என் பேரு போட்டு எழுது," என்றார். "அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கறவ. நிஜத்தை எழுது."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ கேட்டதுக்குத்தான் நான் பதில் சொல்லணும். கேட்ட மூணையும் படிச்சேன். யாரு தொலைச்சாங்கன்னு நீ கேக்கல." பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "இப்ப கேக்கறியா மா?"

நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

அவள் எழுதினாள். சோதனை முடிவு இந்தத் தேதியில் வந்தது. ரெக்கார்ட் ரூமில் வைக்கப்பட்டது. தேடியும் இப்போது கிடைக்கவில்லை. நடவடிக்கை எடுத்ததற்கான பதிவு இல்லை. புதிதாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து முடிவு தரப்படும். ஒரு பொய் கூட அதில் இல்லை. ஒரு பெயரும் இல்லை. கீழே அவள் பெயரைத் தவிர.

6

முடிவுகள்.

அ) கட்டு கிடைத்துவிடுகிறது. (இதைத்தான் எழுத ஆசை. மூன்று முறை எழுதினேன். கிடைக்கவில்லையே.)

ஆ) ஜூலை முப்பத்தொன்று. மாலை, சால்வை, நடேசனின் மனைவிக்கு ஒரு புடவை. ஜெயசுந்தரி கேக் செய்து கொண்டுவருகி

இதுவும் வேண்டாம். இன்னும் நடக்கவில்லை. இன்று ஜூலை இருபதுதான் ஆகிறது.

நடந்தது இவ்வளவு. திங்கட்கிழமை ஆட்கள் வந்து புதிதாகத் தண்ணீர் பிடித்துப் போனார்கள். முடிவு ஆகஸ்டில் வரும். அவர்கள் போனதும் எதிர்வீட்டு வசந்தகுமாரி அக்கா வந்தார்கள். அவர்களுடைய மகள் ப்ரியாவுக்கு ஏழு வயது, புதிதாக முளைத்த பற்களில் பழுப்புக் கோடு, தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்தால் வருவது போல.

"ஏன் சுபா, ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துட்டுப் போனாங்களே. அப்பவே அவங்களுக்குத் தெரியுமா? அந்தப் பேப்பர் எங்க போச்சுன்னு நீ கேக்கலியா?"

"கேக்கல அக்கா."

"ஏன்?"

அன்று மாலை இன்னொரு விண்ணப்பம் எழுதினேன். ஒரே கேள்வி. அந்தக் கட்டு யார் பொறுப்பில் இருந்தது, யார் இடம் மாற்றினார்?

இதுவும் ஜெயசுந்தரியிடம்தான் போகும். கேட்டால் சொல்லிவிடுவாள். அவள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி போடவில்லை. பதினோரு நாள் பொறுத்தால் நடேசன் மாலையோடு வீட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகும் விசாரணை வரலாம், வராமலும் போகலாம். வசந்தகுமாரி அக்காவைக் கேட்டால் இன்றைய தேதியைப் போடு என்பார்கள். நடேசனைக் கேட்டாலும் இன்றைய தேதியைத்தான் போடச் சொல்வார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இடம் விட்டு வைத்திருக்கிறேன். தேதியை நீங்கள் போடுங்கள்.