பிட்டு வேண்டாம் என்ற பாண்ட்காரர்

வைகாசித் தீர்த்தத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருக்கும்போதே குணலட்சுமிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குதல் தொடங்கிவிட்டது.

உடுப்பிட்டியைத் தாண்டி வடக்கே போனால் கடலில் போய் முட்டும் சின்னப் பட்டினம் அது. அம்மன் தீர்த்தமாடக் கடலுக்குப் போகும் காலையில் ஒவ்வொரு தெருவும் தன்தன் வாத்தியத்தோடு கோயில் சந்திக்கு வந்து சேரவேண்டும். நாதஸ்வரமும் தவிலும் கோயிலின் பொறுப்பு. தெருக்கள் கொண்டுவருவது அதற்கு மேலான ஒரு கெட்டித்தனம். 1962ஆம் ஆண்டு எல்லார் வாயிலும் பாண்ட் வாத்தியம்தான். பொன்னிறக் கயிறு தோளில் தொங்க, குழலும் மேளமுமாக அடியெடுத்து வைத்து வரும் பாண்ட்டை வேறு ஊர்ப் பெருநாள்களில் கண்டுவந்தவர்கள், கண்டதைவிடக் கூடவே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

குணலட்சுமி பிறந்தது வாடித் தெரு. வாழ்க்கைப்பட்டது வடலி ஒழுங்கை. இரண்டும் கோயில் சந்தியின் இரண்டு பக்கத்தில் இருந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரம். வாடித் தெருவில் திருவிழா வேலைகளைத் தலையில் சுமப்பவர் அவளுடைய அண்ணன் ஏரம்பு. வடலி ஒழுங்கையில் அதே வேலையைச் செய்பவர் அவளுடைய புருஷன் கதிரவேலு. அவர் சரக்கு ஏற்றும் வத்தைத் தோணி ஒன்றை ஓட்டும் தண்டையல். கடலில் தன் சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவர்.

"உம்மடை அண்ணர் எந்தப் பாண்ட்டைப் பிடிச்சிருக்கிறார் எண்டு மெல்லமாக் கேட்டுப் பாரும்," என்றார் கதிரவேலு.

"உன்ரை மனிசன் ஆரைப் பிடிச்சிருக்கிறான்? சும்மா கதையோடை கதையாக் கேள் பிள்ளை," என்றார் ஏரம்பு.

இரண்டு பேரும் தாங்கள் யாரைப் பிடித்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே மூடிக் கிடக்கும் சட்டியைத் திறந்து பார்க்காமல் போகத் தெரியாதவள் அவள்.

ஒருநாள் கதிரவேலு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தீர்த்தத்தன்று வரும் பாண்ட்காரருக்கு வீட்டிலேயே காலைச் சாப்பாடு என்றார். "பிட்டு அவிச்சுப்போடாதையும். இடியப்பம்தான் வேணுமாம். பிட்டுத் துகள் பல்லுக்குள்ளை நிண்டு குழலுக்குள்ளை போயிடுமாம்."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். ஆனால் இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனபோது மச்சாள் பராசக்தி அரிசிமாவை அரித்துக்கொண்டே, "உந்தப் பாண்ட்காரர் பெரிய எடுப்புக்காரர். பிட்டு வேண்டாமாம். குழல் அடைச்சுப் போகுமாம்," என்றபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாப் பாண்ட்காரரும் பிட்டுக்குப் பயந்தவர்களாக இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அன்றிரவு முழுக்க அது அவளுக்குள் அரித்தது. மச்சாளிடம் கதை கொடுத்து அச்சுவேலி என்ற ஒரு சொல்லைப் பிடுங்கினாள். புருஷனின் சட்டைப்பையில் கிடந்த பஸ் ரிக்கற்றும் அச்சுவேலிதான். அடுத்த சந்தை நாளில், மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தொண்டைமானாறு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

அச்சுவேலிச் சந்தையில் யாரைக் கேட்டாலும் பாண்ட் வீடு தெரிந்திருந்தது. வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். வேலிக்கு மேலால் பித்தளைக் குழல்கள் சில வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மற்றவற்றைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த தடித்த மனிதர்தான் பாண்ட் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. அவள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவருடைய கை நின்றுவிட்டது.

"எந்தத் தெரு, தங்கச்சி?"

"ரண்டும்தான் அண்ணை," என்றாள் குணலட்சுமி. தன் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் சொன்னாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கொட்டிலின் நிலத்தில் குந்திவிட்டார். நடந்தது இதுதான். கதிரவேலு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அவரிடம் சொல் வாங்கிப் போயிருக்கிறார். ஏரம்பு சந்தையில் அவருடைய தம்பி அருட்பிரகாசத்தைக் கண்டு, அவனிடம் வெற்றிலை கொடுத்து அதே நாளுக்குச் சொல் வாங்கியிருக்கிறார். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேருமே கேட்டிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. முந்தநாள் பாண்ட் உடுப்பைத் தோய்த்தபடி எந்த ஊருக்கு, எந்த நாளுக்கு என்று பேசிக்கொண்டபோதுதான் விஷயம் வெளியில் வந்தது.

"ஒரு தெருவுக்கு மாட்டம் எண்டு சொல்லலாம்தானே?"

"எந்தத் தெருவுக்கு? அம்மனுக்கு எண்டு வாங்கின வெத்திலை. நாங்கள் வேதக்காரர். மாதாவுக்கெண்டால் இப்பிடிச் செய்யமாட்டினம், அம்மனெண்டபடியால் ஏமாத்திப்போட்டினம் எண்டு சனம் சொல்லாதோ?"

குணலட்சுமி அதை யோசித்திருக்கவில்லை. "அப்ப என்ன செய்யப்போறியள்?"

"அதுதான் தெரியேல்லை. ஆனால் வருவன். நீங்கள் தயவுசெய்து சொல்லிப்போடாதையுங்கோ."

அவள் கத்தரிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பஸ்ஸில் வரும்போது புருஷனிடம் சொல்வதா, அண்ணனிடம் சொல்வதா என்றுதான் முதலில் யோசித்தாள். தொண்டைமானாற்றுப் பாலம் கடக்கும்போது வேறொரு நினைவு வந்து குந்திக்கொண்டது. அந்த மனிதர் என்னதான் செய்வார்? சொல்லிவிட்டால் இரண்டு வீட்டாரும் ஓடிப்போய்ச் சண்டை பிடிப்பார்கள், ஒரு தெருவுக்குப் பாண்ட் கிடைக்கும், அதோடு முடிந்துவிடும். அவர் என்ன செய்திருப்பார் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

அவள் யாருக்கும் சொல்லவில்லை.

தீர்த்தத்தன்று விடிந்ததும் வடலி ஒழுங்கைக்குப் பாண்ட் வந்தது. வந்தவர்களைக் கண்டு கதிரவேலுவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. நீல உடுப்பும் பொன்கயிறும் சரிதான். ஆனால் ஆட்கள் குறைவு. எல்லாம் நீட்டுக் குழல்கள். மேளத்தைக் காணவில்லை. முன்னுக்கு நின்ற நீக்கிலாப்பிள்ளையிடம் கேட்டார்.

"மேளம் பிறகு வரும்," என்றார் அவர். இடியப்பத்தைச் சாப்பிட்டார். குணலட்சுமி பக்கம் அவர் திரும்பவேயில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. கிளாரினெற்றும் ட்றம்பெற்றும் இனிமையாகத்தான் பாடின. ஆனால் அந்தப் பாட்டுக்கு நிற்க நிலம் இருக்கவில்லை. பின்னால் நடந்தவர்களுக்கு எந்தக் காலை எப்போது வைப்பது என்று தெரியவில்லை. ஒருவர் மற்றவரின் குதியை மிதித்தார். இது மதராஸில் வந்திருக்கும் புது மோஸ்தர் என்று கள்ளுத்தவறணைப் பக்கமிருந்து ஒருவர் விளக்கம் கொடுத்தார். கதிரவேலு மட்டும், "என்னவோ குறையுது," என்று முணுமுணுத்தபடி வந்தார்.

குணலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். சந்திக்கு அப்பாலிருந்து, வாடித் தெருப் பக்கமாக, பூம் பூம் என்று ஒன்று வந்துகொண்டிருந்தது. பெரிய மேளம். அதற்கு நடுவில் ஏதோ பெரிய மிருகம் செருமுவதுபோல, அடிக்குரலில் ஊதும் தடித்த குழலின் சத்தம். பாட்டென்று ஒன்றுமில்லை. வடலி ஒழுங்கைப் பெடியள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். "வாடித் தெருவார் கல்லுடைக்கினம்."

அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. நடையை விட்டு ஓடத் தொடங்கினாள். சந்தியில் முதல் ஆளாக நின்று பார்க்கவேண்டும்.

ஒருபக்கமிருந்து பாட்டு வந்தது. மறுபக்கமிருந்து அடி வந்தது. முதலில் இரண்டும் முட்டுப்பட்டுத் தடுமாறின. நீக்கிலாப்பிள்ளை ட்றம்பெற்றை வாயிலிருந்து எடுக்காமலே இடக்கையைத் தூக்கி ஆட்டினார். எதிர்ப்பக்கத்தில் மேளத்தோடு வந்த அருட்பிரகாசம் அதைப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று போய் இருந்தன. சந்தியில் நின்ற சனத்தின் கால்கள் தாமாகவே தட்டத் தொடங்கின. குணலட்சுமியின் காலும்தான்.

அந்தச் சுகம் கனநேரம் நிற்கவில்லை. ஒரே நீல உடுப்பு, ஒரே பொன்கயிறு எல்லார் கண்ணிலும் பட்டது. ஏரம்பு சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"மச்சான், உது ஆற்றை பாண்ட்?"

"நான் வெத்திலை வைச்சுப் பிடிச்ச பாண்ட். உங்களுக்குப் பின்னாலை நிக்கிறது ஆற்றை?"

"அது என்ரை."

இதற்கு மேல் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஒருவருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் நீக்கிலாப்பிள்ளை வாசிப்பை நிறுத்தவில்லை. இரண்டு மச்சான்மாரும் வாயைத் திறக்கிறபோதெல்லாம் அவர் கையைத் தூக்கினார், பெரிய மேளம் இன்னும் பலமாக விழுந்தது. கதிரவேலு விரலை நீட்டி எதையோ சொன்னார். ஏரம்பு காதில் கைவைத்து என்ன என்று கேட்டார். அதற்குள் அம்மன் வாசலுக்கு வந்துவிட்டாள். தீர்த்தத்துக்கு நேரம் போகிறது என்று ஐயர் கையைக் காட்டினார். நீக்கிலாப்பிள்ளை கடல் பக்கம் திரும்பி அடியெடுத்து வைத்தார். குழல்காரரும் மேளக்காரரும் ஒரே வரிசையாகச் சேர்ந்து அவருக்குப் பின்னால் போனார்கள். இரண்டு தெருவும் வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தன. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல், முகத்து வியர்வையைக்கூடத் துடைக்காமல், கடற்கரை மணலில் கால் புதையும்வரை அந்த மனிதர் ஊதிக்கொண்டே போனார்.

கடலில் முழுகி எழுந்தபோது ஈர வேட்டியோடு நின்ற இரண்டு மச்சான்மாருக்கும் முந்தைய கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. அப்போதுதான் நீக்கிலாப்பிள்ளை வந்து கைகூப்பி நடந்ததைச் சொன்னார். ஏரம்பு ஈர வேட்டியின் தலைப்பைப் பிழிந்தார். "பாதி வாத்தியத்துக்கு முழுச் சமையல் சமைச்சு வைச்சிருக்கு," என்றார். கதிரவேலு வீட்டிலும் அதே கதைதான். பாண்ட்காரர் முதலில் வாடித் தெருவிலும் பிறகு வடலி ஒழுங்கையிலும் இரண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். இரண்டாவது வீட்டில் அருட்பிரகாசம் பாயாசத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

போகும்போது நீக்கிலாப்பிள்ளை குசினி வாசலில் நின்று, "சொல்லாமல் இருந்ததுக்குப் பெரிய உபகாரம், தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கதிரவேலு கேட்டுவிட்டார்.

வீடு வெறிச்சோடும்வரை அவர் காத்திருந்தார். பிறகு வந்து குசினி வாசல் திண்ணைக் குந்தில் உட்கார்ந்தார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் அண்ணைக்கு நோகும். அண்ணைக்குச் சொன்னால் உங்களுக்கு நோகும்."

"உது பொய்."

குணலட்சுமி கழுவிக்கொண்டிருந்த பெரிய சோற்றுக் கிடாரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓம், பொய்தான். அந்த மனிசன் என்ன செய்வார் எண்டு பாக்கவேணும்போலை இருந்தது."

ஊருக்கு முன்னால் தன்னை நிற்கவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள் என்பது அவருக்கு நன்றாகவே சுட்டது. எழுந்து முற்றத்துக்குப் போனார். திறந்து கிடந்த வேலிப் படலையை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்தபோது முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கிடாரத்தின் மறுகாதைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்.

"நீர் மரக்கறி வாங்கவெண்டு அண்டைக்கு அச்சுவேலிக்குத்தானே போனனீர்," என்றார். "அங்கை போய் இறங்கினதிலையிருந்து சொல்லும்."