நர்ஸம்மா மரத்துக்குப் பெயர் வந்த கதை

அந்த மரத்துக்குப் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் பூ உதிர்ந்துவிடும். தெருவில் அது நர்ஸம்மா மரம்.

அதன் ரோஜா நிறப் பூவின் சாயம் லேசுப்பட்டதல்ல. மரத்தடியில் தூங்கிய வெள்ளைப் பூனையொன்று ரோஜா நிறத்தில் எழுந்துபோக, பெற்ற தாயே சீறி விரட்டியது. நம்பாதவர்கள் பூனையைத்தான் கேட்க வேண்டும்.

அந்த நிழலில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், கல்யாணத்தைத் தள்ளிப் போட்டே நாற்பதைத் தாண்டியவர். ஒருநாள் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டு மடிப்பில் பூ விழுந்ததைக் கவனிக்காமல் அழுத்தித் தேய்த்துவிட்டார். நெஞ்சுக்கு நேரே அச்சு அசலாக ஒரு பூ.

"நான் ஊசி போடப் போறேனா, பூ விக்கப் போறேனா?" நர்ஸம்மா பிடிபிடியென்று பிடித்தாள். அவளும் தனிக்கட்டைதான்.

அடுத்த வாரமும் பூ. அதற்கடுத்த வாரமும். முதல் தடவைதான் கவனக்குறைவு. பிறகெல்லாம் அவரே பொறுக்கி எடுத்து மடிப்புக்குள் வைத்தார். அவளோ வேறு கடைக்குப் போகவேயில்லை.

எதிரே பொத்தான் கடை வைத்திருந்த அவருடைய தங்கை சொன்னாள்: "மரத்துக்கு அந்தம்மா பேரையே வெச்சிடலாம்ணே. அது பூக்கிறதே அவங்க திட்டுறதுக்குத்தான்."

தெரு அன்றே வைத்துவிட்டது.

பூக்காலம் முடிந்தது. மரம் மொட்டையாக நின்றது. கோட்டுகள் பளிச்சென்று போயின. பளிச்சென்ற கோட்டுக்கு யார் சண்டை போட வருவார்? ஆஸ்பத்திரி ஆயாதான் வந்து வாங்கிப் போனாள். இஸ்திரிப் பெட்டியைவிட அவருடைய பெருமூச்சில்தான் துணிகளின் சுருக்கம் சீக்கிரம் போனது.

"போய்க் கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் தங்கை.

"என்னன்னு கேக்கிறது? வந்து திட்டுங்கன்னா?"

ஒரு மத்தியானம் நர்ஸம்மாவே வந்தாள். கோட்டை வண்டிமேல் விரித்தாள். நெஞ்சுப் பக்கம் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு.

"உங்க மரம் பண்ணின வேலையைப் பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. கோட்டை முகர்ந்தார். இருமல் மருந்து வாசனை.

"ஆமாங்க, மரம்தான்," என்றார். "இந்தக் கறை லேசுல போகாது. கூடவே ஒரு ஆள் இருந்து கவனிக்கணும்."

"யாரு இருப்பா?"

"நான் இருக்கேனே."

நர்ஸம்மா கோட்டைக் கோணலாக மடித்து அவர் கையில் வைத்தாள். "சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வாங்க. திட்டவேண்டியது நிறைய பாக்கி இருக்கு."

அன்று மிச்சத் துணிகளைத் தங்கைதான் தேய்த்தாள்.